நியூ ரெஜிமில் வந்த நெஞ்சு வலி

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் புதிதாக உட்காரப் போகும் தம்பி தங்கைகளே,

எந்தக் கம்பெனிக்கு எந்தப் படிவம், எந்த இணையதளத்துக்கு எந்த பாஸ்வேர்ட் என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கமே நான் போகப் போவதில்லை. போனால் தப்பாகச் சொல்லிவிடுவேன். என் முதுகு முதலில் ஓய்வு பெற்றது, அதன் பின்னாலேயே நானும் ஓய்வு பெற்றேன், என் பின்னாலேயே பாஸ்வேர்டுகளும் போய்விட்டன. மிச்சம் இருப்பது சில முகங்களும் சில அதிர்ச்சிகளும்தான். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

காட்டுப்பாக்கம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பில்லிங்குக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நான். வருகிறவரின் இன்சூரன்ஸைப் பார்த்து, கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்குமா என்று சொல்வது என் வேலை. அதற்குப் பெயர் கேஷ்லெஸ். மருத்துவமனையில் எனக்கும் அதுதான் பெயர். மாதக் கடைசியில் மிகவும் பொருந்தும்.

அந்த மேசைக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. ஆகவே முதல் நிமிஷத்திலேயே ஏதாவது ஜோக் சொல்லிவிடுவது என் வழக்கம். எதிரில் இருப்பவர் சிரிக்காவிட்டால் நானே சிரித்துக்கொள்வேன். பல வருஷம் இது நன்றாகத்தான் ஓடியது. இளவரசு வருகிற வரை.

அது ஓர் ஏப்ரல் மாதக் காலை. முப்பதைத் தாண்டிய பையன், முதுகில் லேப்டாப் பை, கையில் பிளாஸ்டிக் ஃபோல்டர். அழகாக வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

“சார், ஒரு சின்ன என்கொயரி. இந்தக் கார்டுக்கு இங்க கேஷ்லெஸ் உண்டா? சிங்கிள் ரூம் எலிஜிபிளா? அட்மிட் ஆகாம வெறும் டெஸ்ட் மட்டும் எடுத்தா கவர் ஆகுமா?”

கேள்விகள் வரிசையாக வந்தன. ஃபோல்டரில் ஆதார் நகல், கார்டு நகல், அதற்கும் இரண்டு நகல். எனக்குக் குஷி கிளம்பிவிட்டது.

“இவ்ளோ தெளிவா கேக்கறீங்களே, நீங்க பேஷண்ட் வீட்டு ஆளா, எங்கள ஆடிட் பண்ண வந்தவரா?”

பாதி சிரித்தான். நெற்றியில் வியர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் வியர்வை ஏன் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அடுத்த ஜோக்கைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“யாருக்கு சார்?”

“அப்பாவுக்கு. லேசா செஸ்ட் பெய்ன்.”

“எப்ப வந்துச்சு?”

“காலைலேர்ந்து.”

‘வந்தது’ என்று சொல்லவில்லை, ‘காலையிலிருந்து’ என்கிறானே, வலி இன்னும் போகவில்லையோ என்று மூளை மெதுவாக ஓர் அடி எடுத்து வைத்தது. அதற்குள் வாசல் செக்யூரிட்டி தேவராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தேவராஜும் நானும் மண்ணூர்பேட்டையில் ஒரே தெரு.

“அண்ணாத்தே, இன்னா இது, ராம்ப்ல ஒரு வெள்ள வண்டி குறுக்கால நிக்குது. ஆம்புலன்ஸ் வந்தா இன்னா பண்றது? டிரைவர காணோம். பின் சீட்ல ஒரு பெர்சு நெஞ்ச புட்ச்சிகினு ஒக்காந்துகினு கீது.”

நான் இளவரசுவைப் பார்த்தேன். அவன் ஃபோல்டரை மூடினான்.

“அது எங்க வண்டிதான் சார். அப்பா வண்டிலதான் இருக்காரு.”

தம்பிகளே, முதுகு வலிக்காரன் ஓடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்றைக்குப் பார்த்திருக்கலாம். தேவராஜ் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினான். பின் சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், வலது கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் பார்க்கிங் டோக்கன். அதை ஒருவரும் பிடுங்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தார்.

“எதுக்கு தம்பி இதெல்லாம்? நடந்தே வரேன்,” என்றார்.

“இன்னாத்துக்கு பெர்சு நடக்கற? ஓசி வண்டி, ஏறி படு,” என்று சொல்லி தேவராஜ் அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் படுக்க வைத்தான்.

பெரியவர் பெயர் பக்கிரிசாமி. சீர்காழியில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகனோடு காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டில் இருந்தார். எமர்ஜென்சி கதவு அவருக்குப் பின்னால் மூடியதும் இளவரசு திரும்பி என் மேசைக்கே வந்து நின்றான். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

“ஏன் சார் அவர வண்டிலயே வெச்சிட்டு வந்தீங்க?”

“இல்ல சார்... உள்ள போய்ட்டு அப்பறம் கேஷ்லெஸ் இல்லன்னு சொன்னா மாத்த முடியாதுன்னு ஆபீஸ் குரூப்ல எப்பவும் சொல்வாங்க. மொதல்ல கன்ஃபர்ம் பண்ணிட்டு அப்பறம் பேஷண்ட எறக்கணும்னு. வர்ற வழில இன்னொரு ஹாஸ்பிடல்ல கேட்டேன். அங்க இந்தக் கார்டு எடுக்க மாட்டேன்னுட்டாங்க. அதான் இங்க...”

நெஞ்சு வலிக்கிற அப்பாவை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனை வாசல் வரை போய், விசாரித்து, திரும்பி, அடுத்ததற்கு வந்திருக்கிறான். இவன் கெட்ட பிள்ளை இல்லை. அதுதான் பயங்கரம். அப்பாவுக்காக நகலுக்கு நகல் எடுத்து வைத்திருக்கிற பிள்ளை. சோறு வாங்கும்போது ஆப்பில் ஆஃபர் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அது மூளையில் ஊறி, மாரடைப்பிலும் அதே வரிசையில் ஓடியிருக்கிறது.

கார்டு எண்ணைக் கணினியில் தட்டினேன். ‘செயல்பாட்டில் இல்லை’ என்று வந்தது. தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடி தட்டினேன். அதே பதில்.

“சார், இந்தக் கார்டு குடுத்த கம்பெனிலதானே வேல பாக்கறீங்க?”

“போன வெள்ளிக்கிழமை ரிலீவ் ஆயிட்டேன் சார். திங்கட்கிழமை புதுக் கம்பெனில சேரணும். மேனேஜர் ரொம்ப நல்லவர். இன்னும் ஒரு வாரம் நோட்டீஸ் பீரியட் பாக்கி இருந்துச்சு, ‘நீ ரெஸ்ட் எடுத்துட்டு ஃப்ரெஷ்ஷா போய் சேரு’ன்னு விட்டுட்டாரு. கேக் எல்லாம் வெட்டினாங்க.”

அந்த நல்லவர் கேக்கோடு சேர்த்து இவனுடைய அப்பாவின் காப்பீட்டையும் வெட்டியிருக்கிறார். அவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. கம்பெனி கொடுக்கிற இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கிற நாற்காலி மாதிரி. எழுந்தால் வேறு ஆள் உட்காருவான். இதைச் சொன்னதும் இளவரசு கார்டை எடுத்து ஒரு முறை திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஏதாவது நல்ல செய்தி எழுதியிருக்குமோ என்று நினைத்திருப்பான்.

“அப்பா பேர்ல வேற பாலிசி ஏதாவது?”

“இல்ல சார்.”

“நல்லா யோசிங்க.”

“இல்லவே இல்ல சார்.”

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். சம்பளக்காரர்களிடம் ‘இன்சூரன்ஸ் இருக்கா’ என்று கேட்டால் சரியான பதில் வராது. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்.

“சரி, டாக்ஸுக்கு வருஷா வருஷம் என்ன காட்டுவீங்க?”

“டாக்ஸுக்கா? பி.எஃப்., வாடகை... அப்பறம் பேரன்ட்ஸ் மெடிக்கல்னு ஒண்ணு காட்டுவேன்.”

“அது இன்னா சார்?”

“அது டாக்ஸ் ப்ரூஃப் சார்.”

மெயிலில் தேடச் சொன்னேன். வந்தது. பக்கிரிசாமி பெயரில் ஒரு முழு மருத்துவக் காப்பீடு. மூன்று வருஷம் ஒழுங்காகக் கட்டிய பாலிசி. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முடிந்தாகிவிட்டது. பிபி இருக்கிறது என்று முதல் நாளே எழுதியும் இருக்கிறது. இந்தப் பையன் மூன்று வருஷமாக அப்பாவுக்கு இன்சூரன்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, அதை வரி ரசீது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆபீஸ் ‘ப்ரூஃப் போடு’ என்று கேட்கும், இவன் ரசீதைப் போடுவான், வரி குறையும். அதோடு முடிந்தது கதை.

நான் நாற்காலியில் சாய்ந்து, வெகுநேரத்துக்குப் பிறகு மூச்சு விட்டேன். “சார், உங்களுக்கே தெரியாம உங்கப்பாவுக்கு நல்லது பண்ணி வெச்சிருக்கீங்க,” என்று சொல்லிக்கொண்டே முடிவு தேதியைப் பார்த்தேன்.

மார்ச் கடைசி.

“இந்த வருஷம் ரினியூ பண்ணலியா?”

“இல்ல சார். நியூ ரெஜிம் மாறிட்டேன்.”

“மாறிட்டு?”

“அதுல இதெல்லாம் காட்ட முடியாது. டாக்ஸ் பெனிஃபிட் கிடையாது. அப்ப இது வேஸ்ட்தானேன்னு கட்டல.”

அவன் போனை வாங்கி, முடிவு தேதியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினாலும் தேதி மாறவில்லை.

உங்களுக்கும் இது வரும், ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். வரி கட்டுவதில் இப்போது இரண்டு வழி இருக்கிறது. பழைய வழியில் இன்ன இன்ன செலவு செய்தேன் என்று காட்டினால் வரி குறையும், அதில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் ஒன்று. புதிய வழியில் வரி விகிதமே குறைவு, ஆனால் இந்தக் காட்டுகிற வேலைகள் பெரும்பாலும் கிடையாது. எது லாபம் என்பது அவரவர் சம்பளத்தைப் பொறுத்தது. அதில் தப்பே இல்லை, இளவரசு போட்ட கணக்கும் சரிதான். ஆனால் பிரீமியம் கட்டுவது வரிக்காக என்று ஆபீஸில் ப்ரூஃப் கேட்கிற ஒரு ஜனவரி மாதத்தில் யாரோ அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள். வரி போனதும் பிரீமியமும் போய்விட்டது. இதயத்துக்கு எந்த ரெஜிம் என்று தெரியாது.

அதோடு இன்னொன்றும் நடந்தது. சொல்ல வெட்கம்தான். எனக்குள் ஏதோ மணி அடித்தது. போனை எடுத்து வீட்டுக்குப் போட்டேன்.

“ஏம்மே, நம்ம மெடிக்கல் பாலிசி கட்டியாச்சா?”

“உன்ன நம்பிகினு இருந்தா எப்ப கட்றது? நான் பிப்ரவரிலயே கட்டிட்டேன். இன்னா இப்ப, யாரனா உன்ன மெரட்டினாங்களா?” என்றாள் மனைவி.

கண்ணாடிக்கு அப்பால் இளவரசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு, அவன் பாலிசியைத் திரும்பப் படித்தேன். அப்போதுதான் நம்பிக்கை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. முடிவு தேதிக்குப் பிறகு ஒரு மாதம் சலுகைக் கெடு உண்டு. அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கெடுவுக்குள் கட்டிவிட்டால் மூன்று வருஷத்து மூப்பு அப்படியே நிற்கும், புதிதாகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கட்டாமல் விட்ட அந்த இடைவெளி நாட்களில் வந்த செலவுக்குக் கம்பெனி ஒரு பைசா தராது. அதாவது, இன்றைய எமர்ஜென்சி செலவு அவன் கையிலிருந்துதான்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் இதய டாக்டரம்மா வெளியே வந்தார். அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

“ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கற மாதிரி தெரியுது. இப்ப மருந்துல அடங்கியிருக்கு. ஆஞ்சியோ பாத்துடுவோம். அனேகமா பைபாஸ் பண்ணவேண்டி வரும். இன்னிக்கே இல்ல, ஆனா ரொம்ப தள்ளவும் கூடாது. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா இத நான் வேற மாதிரி சொல்லிட்டிருப்பேன்.”

அவர் போனதும் இளவரசு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஃப்ளாட் வாங்கியதில் சேமிப்பு கரைந்துவிட்டது. மாதா மாதம் கடன் தவணை. ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் ஃப்ளாட்டை விற்க வேண்டும், இல்லையென்றால் சீர்காழி வீட்டை. அப்பா இரண்டுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். இதை அவன் எனக்கு விளக்கமாகச் சொன்னான். என் மேசைக்குப் பின்பக்கம் எமர்ஜென்சிக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு துணித் திரைதான் என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

சொல்லிக்கொண்டே போனில் பிரீமியத்தைக் கட்டினான். ஓடிபி வந்தது, பணம் போனது, பாலிசி உயிர் பெற்றது. உடனே குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

“சார், இன்னும் அட்மிஷன் போடல இல்ல?”

“போடணும்.”

“இப்பதான் வந்த மாதிரி போட்டுடலாமா? ரினியூ ஆனதுக்கு அப்பறம் வந்த மாதிரி. கொஞ்ச நேரம்தானே சார் வித்தியாசம். யாருக்கு என்ன நஷ்டம்?”

தம்பிகளே, இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கும் வரும். கேட்கிறவர் திருடனாக இருக்க மாட்டார், அழுதுகொண்டிருப்பார். உங்கள் கை மவுஸ் மேல்தான் இருக்கும். என் கையும் இருந்தது. நான் அரிச்சந்திரன் பரம்பரை இல்லை. பார்க்கிங் டோக்கனை இறுக்கிப் பிடித்த அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

என்னைத் தடுத்தது பயம். ஈசிஜி இயந்திரம் எடுத்த நேரத்தைத் தானே அச்சடித்துவிடும், அதற்கு நம்முடைய கஷ்டம் புரியாது. பயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே புத்தியும் வந்தது.

“இளவரசு, இங்க பாருங்க. இன்னிக்கு ஆகற பில்லு சின்னது. வரப்போற ஆபரேஷன் பில்லு பெருசு. சின்னதுக்குப் பொய் சொல்லி மாட்டினா, பெருசும் போயிடும், பாலிசியும் போயிடும். இன்னிக்கு செலவ நீங்க ஏத்துக்குங்க. ஆபரேஷன் என்னிக்குன்னு டாக்டர் சொல்லட்டும், அப்ப உள்ளத உள்ளபடி எழுதிக் கேப்போம்.”

“உண்மைய எழுதினா, கட்டாத கேப்ல வந்த வியாதின்னு தள்ளிட்டாங்கன்னா?”

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து நர்ஸின் குரல் கேட்டது. “ஐயா, ஒயர கழட்டாதீங்க, படுங்க.”

ஓடினோம். பக்கிரிசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நிதானமாக, பார்சல் பிரிப்பதுபோல.

“நான் ஊருக்குக் கெளம்பறன் தம்பி. இப்ப வலி இல்ல. அங்க டவுன்ல டாக்டர் இருக்காரு. வூட்ட விக்கிற பேச்செல்லாம் வேணாம்.”

“அப்பா, படுங்கப்பா.”

“நீ இரு. எல்லாத்தயும் கேட்டுட்டுத்தான் இருந்தன்.” மகன் பக்கம் திரும்பினார். “ஏம்பா, வரி இல்லன்னா நெஞ்சு வலிக்காதாப்பா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். இளவரசு தலையைக் குனிந்துகொண்டான். நர்ஸ் திரும்பி நின்று எதையோ தேடினாள். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் ‘கவலப்படாதீங்க, எல்லாம் கிடைச்சிடும்’ என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். நாம் சொல்லும் ‘கிடைச்சிடும்’ எந்தக் கம்பெனியையும் கட்டுப்படுத்தாது. நம்பியவரை மட்டும் கட்டிப்போடும்.

“பெரியவரே, ஒரு சந்தேகம். பாலிசில பிபி இருக்குன்னு எழுதிக் கீதே, அது யார் சொன்னது?”

முகம் கொஞ்சம் மலர்ந்தது. “நான்தான். பாலிசி எடுத்தப்ப போன்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு, மாத்திர எதுனா போடறீங்களாய்யான்னு. இவன் எதுத்தாப்ல நின்னு இல்லன்னு சொல்லு, இல்லன்னு சொல்லுன்னு கைய கைய ஆட்டுறான். நான், ஆமாம்மா, பிபிக்குப் போடறன்னு சொல்லிட்டன். பணம் ஏறிப்போச்சுன்னு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல இவன்.”

“அன்னிக்கு நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா, வியாதிய மறைச்சீங்கன்னு கம்பெனி கைய விரிச்சிருக்கும், இன்னிக்கு நானே உங்கள பஸ் ஏத்தி வுட்டிருப்பேன். ஆமான்னு சொன்னதாலதான் கேக்கறதுக்கு எனக்கு வாய் கீது. கேட்டுப் பாக்கறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். இல்லன்னு வந்துச்சுன்னா ஊருக்குப் போறத பத்தி அப்ப பேசலாம். அதுவரைக்கும் அந்த ஒயர நர்ஸம்மா கிட்ட குடுங்க, ஆஸ்பத்திரி சொத்து அது.”

பெரியவர் ஒயர்களை நர்ஸிடம் நீட்டினார். அவர் படுத்த பிறகுதான் நான் மேசைக்குத் திரும்பினேன்.

ஆஞ்சியோ எடுத்தார்கள். பைபாஸ்தான் என்று உறுதியானது. பெரியவர் முதல் முறை டிஸ்சார்ஜ் ஆனபோது, அதுவரை வந்த செலவை இளவரசு கட்டினான். ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் கம்பெனிக்கு அனுமதி கேட்டு அனுப்பினோம். கேட்பார்கள் என்று நினைத்த கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள். ‘அறிகுறி முதலில் தோன்றியது எப்போது?’

இளவரசு என் பக்கத்தில் நின்றான். நான் தட்டச்சு செய்ததைப் படித்தான். பாலிசி முடிந்து, புதுப்பிப்பதற்கு முன்னால், அன்று காலையில் வலி வந்தது. எமர்ஜென்சியில் சேர்த்த பிறகுதான் பிரீமியம் கட்டினார்கள். பிபி முதல் நாளே அறிவிக்கப்பட்டது. புதுப்பித்தது கெடுவுக்குள். முதல் செலவைக் கோரவில்லை, ஆபரேஷனுக்கு மட்டும் கோருகிறோம்.

“முழுசா எழுதிட்டீங்களே சார்,” என்றான்.

“அரைகுறையா எழுதினா மீதிய அவங்க எழுதிப்பாங்க,” என்றேன். தைரியசாலி மாதிரி பேசினேனே தவிர, அனுப்புகிற பொத்தானை அழுத்தியதும் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பதில் உடனே வரவில்லை. இன்னொரு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு மௌனம். இளவரசு என் கண்ணாடிக்கு முன்னால் நடந்து நடந்து தரையைத் தேய்த்தான். புதுக் கம்பெனியில் சேர்ந்த வாரத்திலேயே லீவு. அவனுடைய புதுக் கார்டு இன்னும் வரவில்லை, அங்கே பெற்றோரைச் சேர்க்க வழியே இல்லையாம். வீட்டில் தனியாக இருக்க மாட்டாமல் மகனோடு வந்த பக்கிரிசாமி, வாசலில் தேவராஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே வருகிற வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, பயமா கீதா?” என்று தேவராஜ் கேட்பது கண்ணாடி வழியே எனக்குக் கேட்டது.

“அறுக்கறதுக்குப் பயம் இல்லப்பா. இவன் ஃப்ளாட்ட வித்துருவானோன்னுதான்.”

அனுமதி வந்தது. திரையில் பார்த்ததும் நான் கத்தவில்லை. நம்பிக்கை வராமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். இளவரசுவைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினேன். படித்துவிட்டு, என் மேசை மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டான். எல்லாம் கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். கையுறை, பஞ்சு, மருத்துவமனை கொடுத்த சீப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்திருந்தார்கள். அந்தச் சீப்பைப் பக்கிரிசாமி பயன்படுத்தவே இல்லை. அவர் தலையைப் பார்த்திருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

எல்லாருக்கும் இப்படி அனுமதி வந்துவிடாது. உள்ளதைச் சொல்லியும் மறுத்த கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் குடும்பங்களின் முகமும் நினைவில் இருக்கிறது. ஆனால் நேரத்தை மாற்றிப் போட்டிருந்தால் இந்தக் கேஸில் கேட்பதற்கே எங்களுக்கு யோக்கியதை இருந்திருக்காது. அன்றோடு ஜோக்கை நான் விட்டுவிடவில்லை, இரண்டாவது இடத்துக்குத் தள்ளினேன். யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, ‘பேஷண்ட் எங்கே?’ கார்டு, ஃபோல்டர், சிங்கிள் ரூம் எல்லாம் அதற்குப் பிறகு. சிலர் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று தேவராஜ் சக்கர நாற்காலியில் பெரியவரை ராம்ப் வரை தள்ளிக்கொண்டு வந்தான். அதே வெள்ளை வண்டி. இளவரசு வண்டியை நிறுத்திய கையோடு இறங்கி ஓடிவந்து பின் கதவைத் திறந்தான். சீட்டில் தலையணை, போர்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தான்.

பக்கிரிசாமி அந்த சீட்டைப் பார்த்தார். உட்காரவில்லை.

“நான் முன்னாடி உக்காந்துக்கறன்பா.”

“பின்னாடிதாம்பா சௌகரியம். கால நீட்டிக்கலாம்.”

“அன்னிக்குப் பின்னாடி உக்காந்து பாத்துட்டேன். நீ எறங்கி எங்க போற, எப்ப வருவன்னு ஒண்ணும் தெரியல.”

இளவரசு பின் கதவைச் சாத்தினான். முன் கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தான். பெல்ட்டை மாட்டிவிட்டான், ஆபரேஷன் செய்த இடத்தில் அழுந்தாமல் தலையணையை நடுவில் வைத்தான். பிறகு வண்டியைச் சுற்றி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தவன், சாவியைத் திருகாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

பின்னால் ஒரு காலி ஆம்புலன்ஸ் வந்து நின்றது. வழக்கமாக அந்த ராம்ப்பில் யார் நின்றாலும் கத்தித் தீர்க்கிற தேவராஜ், அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரனைக் கையைக் காட்டி அடுத்த வாசலுக்கு அனுப்பிவிட்டு, வண்டி கிளம்பும்வரை காத்திருந்தான்.